தென்னாப்பிரிக்காவில் புது பக்கி: எந்த விலையைப் பேச வேண்டும்?

வண்டி விளம்பரங்களில் விலை இருக்க வேண்டிய இடத்தில் இப்போதெல்லாம் மாதத் தவணைதான் பெரிய எழுத்தில் இருக்கிறது. கூடவே, பழைய வண்டியைக் கொடுத்தால் இத்தனை ஆயிரம் ரேண்ட் "டிரேட்-இன் உதவி" என்று இன்னொரு வரி. இதைப் பார்த்துவிட்டு ஷோரூமுக்குப் போகிறவரிடம் முதலில் வரும் கேள்வி, "மாதம் எவ்வளவு கட்ட முடியும்?" என்பதுதான். அவரும் ஒரு தொகையைச் சொல்லிவிடுகிறார். பேரம் பாதி அங்கேயே முடிந்துவிட்டது. ஏனென்றால் அந்தத் தொகைக்குள் எந்த விலையையும் அடக்கிவிடலாம். கடன் காலத்தை நீட்டினால் போதும், அல்லது கடைசியில் ஒரு பெரிய தொகையைத் தள்ளி வைத்தால் போதும்.

சாட்ஸ்வர்த்தில் கடை வைத்திருப்பவர், கிளேர்வுட் மொத்தச் சந்தையிலிருந்து காய்கறி ஏற்றுபவர், அண்மையில் இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ வந்து இங்கே தொழில் தொடங்கியவர் என்று நம்மில் பலருக்கு வீட்டுக்கு அடுத்தபடியாகப் பெரிய செலவு பக்கி எனப்படும் இந்தப் பிக்கப் வண்டிதான். அதனால் அடிப்படையிலிருந்து பார்த்துவிடலாம்.

ஒட்டியிருக்கும் விலைக்குள் என்ன இருக்கிறது?

கண்ணாடியில் ஒட்டியிருக்கும் விலை 15 சதவீத வாட் (மதிப்புக் கூட்டு வரி) சேர்ந்த விலை. 6 லட்சம் ரேண்ட் வண்டி என்றால் அதில் சுமார் 78,260 ரேண்ட் வாட் மட்டுமே. இரண்டு வரிசை இருக்கை உள்ள டபுள் கேப் என்றால் கரியமில வாயு வரியும் உள்ளே இருக்கும். கார்களுக்கு 2010 செப்டம்பரில் வந்த இந்த வரி, 2011 மார்ச்சில் டபுள் கேப்புக்கும் வந்தது. கிலோமீட்டருக்கு 175 கிராமைத் தாண்டும் ஒவ்வொரு கிராமுக்கும் இவ்வளவு என்று கணக்கு. ஒரே வரிசை இருக்கை உள்ள சிங்கிள் கேப்புக்கு இது கிடையாது. இந்த வரிகளில் டீலரால் ஒரு சென்ட் கூடக் குறைக்க முடியாது. அவர் கை வைக்கக்கூடியது மீதியில்தான்.

"இது கம்பெனி விலை, எங்களால் குறைக்க முடியாது" என்று சொன்னால் நம்ப வேண்டாம். தயாரிப்பாளர் அறிவிப்பது பரிந்துரை விலைதான். இதற்குக் கீழே விற்கக் கூடாது என்று டீலரைக் கட்டாயப்படுத்துவதை 1998-ஆம் ஆண்டின் போட்டிச் சட்டம் தடை செய்கிறது. டீலர் குறைக்க விரும்பாமல் இருக்கலாம், அது அவர் உரிமை. முடியாது என்பது வேறு.

டீலர் எங்கே சம்பாதிக்கிறார்?

வண்டி விற்பதில் வரும் லாபம் மட்டும்தான் டீலரின் வருமானம் என்று நினைத்துப் பேரம் பேசுகிறோம். உண்மையில் அவருக்குப் பல வாசல்கள் உண்டு.

1. வண்டியின் மேல் வரும் லாபம். போட்டி கூடக் கூட இது மெலிந்துகொண்டே போகும்.
2. மாத, காலாண்டு இலக்கை எட்டினால் தயாரிப்பாளர் தரும் போனஸ். மாதக் கடைசியில் விற்பனையாளரின் குரல் இளகுவதற்குக் காரணம் இதுதான். இலக்குக்கு இன்னும் ஒரு வண்டிதான் குறைகிறது என்றால், அந்த ஒரு வண்டியில் நஷ்டப்பட்டாலும் மொத்தத்தில் அவருக்கு லாபம்.
3. பழைய வண்டியைக் குறைத்து வாங்கிக் கூட்டி விற்பது.
4. கடனைக் கொண்டுவந்து சேர்ப்பதற்கு வங்கி தரும் கமிஷன், அதோடு காப்பீட்டுத் திட்டங்களுக்கான கமிஷன்.
5. கூடுதல் பொருத்துதல்கள், பிறகு சர்வீஸ், உதிரி பாகம்.

முதல் வாசலில் நீங்கள் 20,000 ரேண்ட் குறைத்துவிட்டு, நான்காவது வாசலில் 40,000 ரேண்ட் கொடுத்துவிட்டு வந்தால் பேரத்தில் ஜெயித்தது யார்? அதனால்தான் ஒவ்வொன்றையும் தனித்தனியாக, தனித்தனித் தாளில் பேச வேண்டும் என்கிறேன். வண்டி விலை, சாலைக்குக் கொண்டுவரும் கட்டணங்கள், பழைய வண்டி, கடன் என்று நான்கு கணக்கு. ஒன்றை முடிக்காமல் அடுத்ததற்குப் போகாதீர்கள்.

டீலரும் வாடகை கட்டுகிறார், ஷோரூமில் நிற்கும் வண்டிகளுக்கு வட்டி கட்டுகிறார். அடிமாட்டு விலைக்குக் கேட்டால் பேச்சே நகராது. அந்த வட்டிதான் உங்களுக்குச் சாதகமான விஷயமும் கூட. மூன்று நான்கு மாதமாக முற்றத்தில் வெயில் காயும் வண்டி அவருக்குத் தினமும் செலவு வைக்கிறது. "இப்போதே கையில் இருக்கும் வண்டிகளில் எது அதிக நாளாக நிற்கிறது?" என்று கேளுங்கள். நிறத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கத் தயார் என்றால் விலையில் அவர் விட்டுக்கொடுப்பார்.

முதல் கணக்கு: வண்டி விலை

பேரத்துக்கு எவ்வளவு இடம் இருக்கிறது என்பது வண்டியைப் பொறுத்தது. டொயோட்டா ஹைலக்ஸ், ஃபோர்டு ரேஞ்சர், இசுஸு டி-மேக்ஸ் மூன்றும் இந்த நாட்டிலேயே தயாராகின்றன. ஹைலக்ஸ் டர்பன் ப்ராஸ்பெக்டனில் (இசிபிங்கோ மாரியம்மன் கோயிலுக்குப் போகிறவர்களுக்குப் பழக்கமான ஆலைதான்), ரேஞ்சர் பிரிட்டோரியா சில்வர்டனில், டி-மேக்ஸ் கெபெர்ஹாவில். உள்ளூரில் தயாராவதால் விலை தானாகக் குறைந்துவிடாது. கேட்டு வருகிறவர்கள் நிறைய இருப்பதால் இந்த மூன்றில் டீலர் அவசரப்பட மாட்டார். மற்றபடி மகிந்திரா 2018 முதல் டர்பனின் டூபே டிரேட்போர்ட்டில் பக்கிகளைப் பொருத்துகிறது. ஜிடபிள்யூஎம், ஜேஏசி, ஃபோட்டான் போன்ற சீன வண்டிகள் கீழே இருந்து நெருக்குகின்றன. உங்களுக்கு ஹைலக்ஸ்தான் வேண்டும் என்றாலும் அந்த வண்டிகளுக்கும் எழுத்தில் விலை வாங்கி வையுங்கள்.

அதைவிடப் பலன் தருவது ஒரே வண்டியை மூன்று நான்கு டீலர்களிடம் கேட்பது. டர்பனில் இரண்டு, பீட்டர்மரிட்ஸ்பர்க்கில் ஒன்று, ஜொஹானஸ்பர்க்கில் ஒன்று. நேரில் போக வேண்டாம், மின்னஞ்சல் போதும். மாடலின் முழுப் பெயர், எஞ்சின், கியர், நிறம் எல்லாம் எழுதி, "பழைய வண்டி இல்லை, கடனை நானே பார்த்துக்கொள்கிறேன், சாலைக்கு வரும் மொத்த விலை என்ன, ஒவ்வொன்றாகப் பிரித்துத் தாருங்கள்" என்று கேளுங்கள். பிரித்துத் தராதவரை அப்போதே கழித்துவிடலாம்.

டெமோ வண்டிகளையும் ஒதுக்க வேண்டாம். அவை ஏற்கெனவே டீலர் பெயரில் பதிவானவை, சில ஆயிரம் கிலோமீட்டர் ஓடியவை. ஆனால் உத்தரவாதமும் சர்வீஸ் திட்டமும் பதிவான நாளிலிருந்தே ஓடத் தொடங்கியிருக்கும், அந்தத் தேதியைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். டிசம்பரில் வாங்குவதும் இதே மாதிரிதான். வண்டியின் வயது முதல் பதிவு ஆண்டை வைத்துக் கணக்கிடப்படுவதால் டிசம்பர் 28-இல் பதிவான வண்டி நான்கு நாளில் "போன வருட வண்டி" ஆகிவிடும். மூன்று வருடத்தில் விற்பவருக்கு இது இழப்பு. பத்து வருடம் ஓட்டப்போகிற கடைக்காரருக்கு இது நல்ல பேரம்.

இரண்டாம் கணக்கு: சாலைக்குக் கொண்டுவரும் கட்டணங்கள்

பதிவு, லைசென்ஸ், நம்பர் பிளேட் ஆகியவை உண்மையான செலவுகள். அரசுக் கட்டணத்துக்கு ரசீது கேட்கலாம். "டெலிவரி", "நிர்வாகக் கட்டணம்", "ஆவணக் கட்டணம்" என்று வருபவை டீலர் வைத்த விலைகள், அவை அத்தனையும் பேசக்கூடியவை. ஒரு வரியில் மொத்தமாக "சாலைக் கட்டணம்" என்று போட்டிருந்தால் பிரிக்கச் சொல்லுங்கள்.

கண்ணாடிக்கு ஒட்டும் பாதுகாப்புப் படலம், சுமைப் பெட்டிக்கு ரப்பர் பூச்சு, டோ பார் (இழுவைக் கொக்கி), கேனப்பி (பின்பெட்டியின் மூடி) எல்லாம் வெளியில் என்ன விலை என்று முன்பே விசாரித்து வையுங்கள். திருடு போன வண்டி எங்கே என்று காட்டும் டிராக்கர் விஷயத்தில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். பக்கிகள் அதிகம் திருடு போகும் ஊர் இது, காப்பீட்டு நிறுவனமே பல மாடல்களுக்கு டிராக்கரைக் கட்டாயமாக்குகிறது. எந்த டிராக்கரை ஏற்கும் என்று காப்பீட்டுக்காரரிடம் முதலில் கேட்டுவிட்டுப் பொருத்துங்கள்.

மூன்றாம் கணக்கு: பழைய வண்டி

"டிரேட்-இன் உதவி" என்பது பல நேரங்களில் வேறு பெயரில் வரும் தள்ளுபடி. உங்கள் பழைய வண்டிக்குச் சந்தையில் 1,80,000 ரேண்ட் பெறும் என்று வைத்துக்கொள்வோம். டீலர் 2,10,000 தருகிறேன் என்கிறார், மனம் குளிர்ந்துவிடுகிறது. ஆனால் பழைய வண்டி இல்லாமல் வந்தவருக்குப் புது வண்டியில் 35,000 குறைத்திருப்பார் என்றால், உங்களுக்கு உண்மையில் 5,000 குறைவாகத்தான் கிடைத்தது. ஒரு கையால் கொடுத்து மறு கையால் எடுக்கும் வேலை.

இதை உடைக்க ஒரே வழி, புது வண்டி விலை எழுத்தில் வந்த பிறகுதான் பழைய வண்டியைப் பற்றி வாயைத் திறப்பது. டிரான்ஸ்யூனியன் என்ற நிறுவனம் வெளியிடும் வண்டி மதிப்பில் டிரேட் விலை (டீலர் வாங்கும் விலை), ரீடெயில் விலை (டீலர் விற்கும் விலை) என்று இரண்டு உண்டு; டீலர் பேசுவது முதலாவது. பழைய வண்டிகளை மட்டும் வாங்கும் நிறுவனங்களிடமும் ஒரு விலை வாங்குங்கள். அதன் மேல் இன்னும் கடன் பாக்கி இருந்தால், வங்கியிடம் தீர்வுத் தொகைக் கடிதம் வாங்கி வையுங்கள். பாக்கி அதன் விலையை விட அதிகம் என்றால், அந்த வித்தியாசத்தைப் புதுக் கடனில் சேர்க்கிறோம் என்பார்கள். பழைய வண்டியின் கடனுக்குப் புது வண்டியில் ஆறு வருடம் வட்டி கட்டுவீர்கள்.

நான்காம் கணக்கு: கடன். இங்கேதான் பணம் போகிறது

விளம்பரத்தின் அடியில் இருக்கும் பொடி எழுத்தை ஒருமுறை பொறுமையாகப் படித்துப் பாருங்கள். பொதுவாக இப்படித்தான் இருக்கும்: முன்பணம் 10 சதவீதம், காலம் 72 மாதம், பலூன் 30 அல்லது 35 சதவீதம், வட்டி பிரைமோடு (வங்கிகளின் அடிப்படை வட்டி) மாறும், சாலைக் கட்டணங்கள் சேரவில்லை. மேலே இருக்கும் பெரிய எண்ணைச் சின்னதாக்குவது இந்த வரிதான்.

பலூன் என்றால், கடனில் ஒரு பகுதியைக் கடைசி மாதத்துக்குத் தள்ளி வைப்பது. அதுவரை அந்தத் தொகைக்கும் வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். 6 லட்சம் ரேண்ட் கடன், 72 மாதம், 11 சதவீத வட்டி என்று வைத்துக் கணக்குப் போட்டேன்:

1. பலூன் இல்லாமல்: மாதம் சுமார் 11,420. மொத்தம் சுமார் 8,22,300.
2. 30 சதவீதப் பலூனோடு: மாதம் சுமார் 9,644. கடைசியில் 1,80,000 கையில் வைக்க வேண்டும். மொத்தம் சுமார் 8,74,400.

மாதம் 1,776 ரேண்ட் மிச்சமானது போலத் தெரிகிறது, முடிவில் 52,000 ரேண்ட் கூடுதலாகப் போகிறது. அப்புறம் அந்த 1,80,000 இல்லாதவர்கள் என்ன செய்கிறார்கள்? அதற்கும் புதுக் கடன் எடுக்கிறார்கள், இல்லை என்றால் வண்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இன்னொரு வண்டிக்குப் போகிறார்கள். ஆறு வருடம் கட்டியும் வண்டி அவர்களுடையது ஆவதில்லை. குடும்பங்களைக் கடனிலேயே வைத்திருக்கும் ஏற்பாடு இது. தொழிலுக்கு வாங்கி, குறிப்பிட்ட காலத்தில் விற்கும் திட்டம் உறுதியாக இருந்தால் ஒழிய பலூன் வேண்டவே வேண்டாம் என்பது என் கருத்து.

அடுத்தது வட்டி. பிரைம் என்பது ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் தரும் ரெப்போ வட்டியை விட 3.5 புள்ளி அதிகமாக வங்கிகள் வைத்திருக்கும் அடிப்படை வட்டி. உங்களுக்குத் தரும் வட்டியை "பிரைமுக்கு மேல் இவ்வளவு" அல்லது "பிரைமுக்குக் கீழே இவ்வளவு" என்று கேளுங்கள், அப்போதுதான் இரண்டு வங்கிகளை ஒப்பிட முடியும். மேலே சொன்ன அதே கடனுக்கு வட்டி 11-க்குப் பதில் 12 ஆனால் மாதம் 310 ரேண்ட்தான் கூடுகிறது. யாரும் கவனிக்க மாட்டார்கள். 72 மாதத்தில் அது 22,300 ரேண்ட். விலையில் மல்லுக்கட்டி வாங்கிய தள்ளுபடி முழுவதும் அந்த ஒரு புள்ளியில் போய்விடும்.

டீலரின் நிதிப் பிரிவு உங்கள் விண்ணப்பத்தைப் பல வங்கிகளுக்கு அனுப்பும். வந்த பதில்களில் உங்களுக்கு மலிவானதைத்தான் காட்டுகிறது என்று நம்பிக்கொண்டிருக்க வேண்டாம். உங்கள் வங்கியிலேயே முன் ஒப்புதல் வாங்கிக்கொண்டு போங்கள். வெஸ்பேங்க், எம்எஃப்சி, ஆப்சா, ஸ்டாண்டர்டு பேங்க் எல்லாமே நேரடியாக விண்ணப்பம் எடுக்கின்றன. வேலை விசாவில் இருப்பவர்கள் கவனிக்க: விசா முடியும் தேதியைத் தாண்டிக் கடன் காலம் தர வங்கிகள் பெரும்பாலும் தயங்கும். மீதி இருக்கும் மாதங்களை வைத்து முதலிலேயே கணக்குப் பாருங்கள்.

தேசியக் கடன் சட்டம் உங்கள் கையில் சில ஆயுதங்களைக் கொடுக்கிறது:

1. கையெழுத்துக்கு முன் மொத்தச் செலவைக் காட்டும் விலைப்புள்ளி தர வேண்டும். அது 5 வேலை நாள் செல்லும். "இன்றே முடிக்காவிட்டால் இந்த வட்டி போய்விடும்" என்றால் அந்தத் தாளை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடலாம்.
2. கடன் தொடக்கக் கட்டணத்துக்கு உச்சவரம்பு உண்டு: வாட் சேர்த்து 1,207.50 ரேண்ட். மாதச் சேவைக் கட்டணம் வாட் சேர்த்து 69 ரேண்ட். இதற்கு மேல் இருந்தால் கேள்வி கேளுங்கள்.
3. கடன் காப்பீட்டை அவர்கள் சொல்லும் நிறுவனத்தில்தான் எடுக்க வேண்டும் என்று இல்லை, உங்களுக்குப் பிடித்த பாலிசியைக் காட்டலாம்.
4. 2,50,000 ரேண்டும் அதற்கு மேலும் உள்ள கடனை முன்கூட்டியே அடைத்தால் மூன்று மாத வட்டி வரை தண்டக் கட்டணம் போடலாம். மூன்று மாதம் முன்பே எழுத்தில் அறிவித்துவிட்டால் அது விழாது.

நிதி அறையில் நீட்டப்படும் திட்டங்கள்

விலை பேசி முடிந்து, களைத்து, கை குலுக்கிய பிறகு இன்னொரு அறைக்கு அழைத்துப் போவார்கள். கீறல் காப்பீடு, டயர்-ரிம் காப்பீடு, முன்பணக் காப்பீடு, நீட்டித்த உத்தரவாதம் என்று தாள்கள் வரும். "மாதம் 476 ரேண்ட்தான் கூடுகிறது" என்பார்கள். கணக்குப் போட்டால் அது 25,000 ரேண்ட் திட்டங்களைக் கடனில் சேர்த்தது, வட்டியோடு 34,000-க்கு மேல். இவற்றை விற்பவர் தன் கமிஷனைச் சொல்லக் கடமைப்பட்டவர், கேளுங்கள்.

இதில் ஒன்றை மட்டும் நான் ஒதுக்கச் சொல்ல மாட்டேன். முன்பணம் இல்லாமல் வாங்குபவருக்குக் கடன் பற்றாக்குறைக் காப்பீடு தேவைப்படும். வண்டி திருடு போனால் காப்பீடு தருவது அன்றைய சந்தை மதிப்பு. வங்கிக்குப் பாக்கி அதைவிட அதிகமாக இருக்கும். அந்த இடைவெளியை இது அடைக்கும். ஆனால் அதையும் உங்கள் வழக்கமான காப்பீட்டுக்காரரிடம் விலை கேட்டுப் பாருங்கள்.

சர்வீஸ் திட்டம் வண்டி விலையோடு ஒட்டியே வரும் என்று பலர் நினைக்கிறார்கள். 2021 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள போட்டி ஆணையத்தின் வழிகாட்டுதல்படி, வண்டி விலையையும் சர்வீஸ் திட்டத்தின் விலையையும் பிரித்துக் காட்ட வேண்டும், திட்டம் வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. உத்தரவாதக் காலத்திலேயே வெளி மெக்கானிக்கிடம் சர்வீஸ் செய்யலாம். அங்கே செய்த வேலையால் கெடுதல் வந்தால் அந்தப் பகுதிக்கு உத்தரவாதம் செல்லாது என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

கையெழுத்துப் போடும் தாள்

"ஆஃபர் டு பர்ச்சேஸ்" (வாங்குவதற்கான முன்மொழிவு) என்று ஒரு தாளை நீட்டி, "இது சும்மா வண்டியை உங்களுக்காக ஒதுக்கி வைக்கத்தான்" என்று சொன்னால் எழுந்துவிடுங்கள். டீலர் ஏற்றுக் கையெழுத்துப் போட்ட நிமிடத்தில் அது ஒப்பந்தம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தரும் 5 வேலை நாள் மனம் மாறும் உரிமை, அவர்களாகவே போன் செய்தோ குறுஞ்செய்தி அனுப்பியோ உங்களைப் பிடித்து விற்ற பொருளுக்குத்தான். நீங்களாகவே ஷோரூமுக்குப் போய் வாங்கியதற்கு அது கிடையாது.

அந்தத் தாளில் இருக்க வேண்டியவை:

1. வண்டியின் அடையாள எண் அல்லது ஸ்டாக் எண், ஆண்டு, நிறம்.
2. வாட் சேர்ந்த விலை, தள்ளுபடி தனி வரியில், கட்டணங்கள் ஒவ்வொன்றும் தனித்தனியாக.
3. "கடன் ஒப்புதல் கிடைத்தால் மட்டும், வட்டி இதற்கு மேல் போகாமல்" என்ற நிபந்தனை, வட்டியின் எண்ணோடு.
4. டெபாசிட் எப்போது திரும்பக் கிடைக்கும் என்பது.
5. டெலிவரி தேதி. வண்டி வருவதற்குள் விலை கூடினால் யார் தலையில் விழும் என்பதும்.

வாய்ச்சொல்லாகத் தந்த டோ பாரும் தரை விரிப்பும் தாளில் இல்லை என்றால் இல்லைதான்.

தொழிலுக்கு வாங்குபவர்களுக்கு

வாட் பதிவு உள்ளவர் சிங்கிள் கேப் வாங்கித் தொழிலுக்கு ஓட்டினால் அந்த வாட்டைத் திரும்பக் கோரலாம். 4 லட்சம் ரேண்ட் வண்டியில் அது சுமார் 52,170 ரேண்ட், எந்த டீலரும் தராத தள்ளுபடி. டபுள் கேப்பைச் சட்டம் கார் என்று கணக்கிடுவதால் சரக்கு ஏற்றினாலும் அந்த வாட் திரும்பாது. ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு போக டபுள் கேப் என்று முடிவெடுப்பவர்கள் இந்த வித்தியாசத்தையும் விலையில் சேர்த்துப் பாருங்கள்.

யார் பெயரில் வாங்குகிறோம் என்பதும் முக்கியம். ஆண்டு விற்றுமுதலோ சொத்து மதிப்போ 20 லட்சம் ரேண்டை எட்டிய கம்பெனியின் பெயரில் வாங்கினால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் பெரும்பகுதி உங்களுக்குப் பொருந்தாது. தனி நபருக்கோ சிறிய கம்பெனிக்கோ டெலிவரியிலிருந்து ஆறு மாதத்துக்குள் குறைபாடு தெரிந்தால் பழுது நீக்கவோ, மாற்றித் தரவோ, பணத்தைத் திரும்பத் தரவோ கேட்கும் உரிமை இருக்கிறது. புகாரை முதலில் டீலரிடம் எழுத்தில் கொடுங்கள், பதில் சரியில்லை என்றால் வண்டிப் புகார்களை விசாரிக்கும் மோட்டார் தொழில் ஓம்புட்ஸ்மனிடம் போகலாம். அங்கே போகும்போது கேட்பது விலைப்புள்ளி, ஒப்பந்தத் தாள், மின்னஞ்சல்கள். அதனால் முதல் நாளிலிருந்தே எல்லாவற்றையும் எழுத்தில் வாங்கி ஒரே கோப்பில் போட்டு வையுங்கள்.